எந்தக் கேப்ஸ்யூலும் சேராத மெஷின்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து போரா காற்று. கடற்கரைச் சாலையில் பக்கவாட்டிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றில் பஸ்ஸை நேராகப் பிடித்து வைப்பதே பெரும்பாடு. இரண்டு தோளும் கழன்று விழுகிற வலி. சூடாக ஒரு வாய் ஏதாவது குடித்துவிட்டுப் படுக்கலாம் என்று கதவைத் திறந்தால், சமையலறைத் தரை முழுக்கக் காபித்தூள்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காபி போடும் மோக்கா பாத்திரத்தின் கீழ்ப்பாதி அவன் முழங்கால்களுக்கு நடுவில். மேல்பாதி இடது கையில். வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. கால்சட்டை தொடை வரைக்கும் ஈரம்.

"தண்ணிதான். பயப்படாத" என்றான்.

ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பாரில் பாதி ஆயுள் காபி போட்டவன் என் அண்ணன் நெரேயோ. அக்டோபரில் பக்கவாதம். கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது, வலது கை மட்டும் வரவில்லை. அவனும் தனிக்கட்டை, தங்கை நானும் தனிக்கட்டை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். ஆனால் நான் விடியும் முன்னே டிப்போவுக்குக் கிளம்பிவிடுகிறேன். மோக்காவைத் திருகி இறுக்க இரண்டு கை வேண்டும். மதியம் நான் திரும்புகிற வரை அவனுக்குக் காபி கிடையாது. காபிக்கே பேர்போன திரியெஸ்தேவில், அதுவும் அவனுக்கு!

பிப்ரவரி 4

ஃபிளாஸ்க்கில் போட்டு வைத்துவிட்டுப் போனேன். குடிச்சியா என்று கேட்டேன். "ஜன்னல்ல இருக்கிற செடிக்கு ஊத்துனேன். அதுவும் குடிக்கல."

பிப்ரவரி 8, ஞாயிறு

சித்தி மகள் ஒண்டினா வந்தாள். கையில் ஒரு பை, பைக்குள் ஒரு காபி மெஷின். சின்னது, சிவப்பு நிறம், தலையில் ஒரு நெம்புகோல். காபித்தூள் அடைத்த கேப்ஸ்யூலைப் போட்டு, நெம்புகோலை இறக்கி, பொத்தானை அமுக்கினால் காபி. ஒரு கையே போதும்!

"அலமாரியில சும்மா கெடந்துச்சு. யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது. நல்லா ஓடும், ஓடணும்" என்றாள் ஒண்டினா.

"எந்தக் கேப்ஸ்யூல் போடணும்?"

"அது... காபி கேப்ஸ்யூல்தான். எல்லாம் ஒண்ணுதானே?"

விளக்கப் புத்தகம் இல்லை. பெட்டி இல்லை. முன்பக்கம் எழுதியிருந்த பெயர் பாதி தேய்ந்துவிட்டது. 'ஃபியோ' என்று தெரிகிறது, பின்னால் 'டா'.

நெரேயோ அதை ஒரு பார்வை பார்த்தான். "பல்லு விளக்குற பிரஷ் வைக்கிறதுக்கு ஆகும்" என்றான். ஒண்டினா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளாவது ஏதோ கொண்டுவந்தாள்.

பிப்ரவரி 10

வேலை முடிந்து சூப்பர் மார்க்கெட். ஒரு சுவர் முழுக்கக் கேப்ஸ்யூல். அலுமினியத் தொப்பி மாதிரி சில, பிளாஸ்டிக் குடுவை மாதிரி சில, தேநீர்ப் பை மாதிரி தட்டையான காகித வில்லைகள் சில. நான் எடுத்த பெட்டியில் 'பெரும்பாலான மெஷின்களுக்குப் பொருந்தும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் உள்ளேயே போகவில்லை. விளிம்பு பெரிது. என் மெஷின் பெரும்பாலானதில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 12

இன்று வேறு ரகம். உள்ளே போனது! நெம்புகோல் இறங்கவில்லை. கொஞ்சம் அமுக்கினேன். இன்னும் கொஞ்சம். படார் என்று ஒரு சத்தம். கேப்ஸ்யூல் நசுங்கி உள்ளேயே மாட்டிக்கொண்டது. வெண்ணெய்க் கத்தியால் நெம்பப் போய் விரலைக் கிழித்துக்கொண்டேன். காபித்தூளும் ரத்தமும் ஒன்றாகக் கழுவும் தொட்டியில்.

நெரேயோ சிரித்தான். அக்டோபருக்குப் பிறகு அவன் சிரித்தே நான் பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததென்னவோ எரிச்சல். "சிரி, நல்லா சிரி. யாருக்காக இந்தப் பாடு படறேன்?"

"நானா கேட்டேன்?" என்றான்.

கேட்கவில்லைதான். அவன் எதையும் கேட்பதில்லை.

பிப்ரவரி 15

ஃபியோரெட்டா. கடைசியில் பெயரைக் கண்டுபிடித்தேன். கம்பெனியின் எண்ணுக்கு அழைத்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு குரல். கம்பெனியையே மூடிவிட்டார்களாம். மெஷின் மட்டும் என் சமையலறையில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது பெட்டியும் வீண். இது உள்ளே போய், நெம்புகோலும் இறங்கி, தண்ணீர் மட்டும் நாலாப் பக்கமும் பீய்ச்சியடித்தது. கோப்பைக்குள் விழுந்தது மூன்று சொட்டு, மிச்சமெல்லாம் என் சட்டையில்.

பிப்ரவரி 19

சான் ஜாக்கமோ ஏற்றத்தில் கேப்ஸ்யூலுக்கென்றே ஒரு கடை இருப்பதாக டிப்போவில் சொன்னார்கள். போனேன். தரையிலிருந்து கூரை வரை டப்பாக்கள். கடைக்காரி மய்தா, அறுபதை ஒட்டிய ஸ்லோவேனியப் பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

"சொல்லுங்கம்மா. என்ன மெஷின்?"

"சிவப்பு."

"சிவப்பு. சரி. ஊசி மேலயா, கீழயா?"

"என்ன ஊசி?"

"கேப்ஸ்யூல ஓட்டை போடுமே, அந்த ஊசி. சரி விடுங்க. தண்ணி எங்கிருந்து இறங்குது?"

"குழாயிலேருந்துதான் ஊத்துறேன்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐம்பத்திரண்டு வயதில், பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸை இந்த ஊர்ச் சந்தில் திருப்புகிறவள் நான், ஒரு கேப்ஸ்யூல் தொப்பிக்கு எது வாய் எது அடி என்று தெரியாமல் நின்றேன்.

"மெஷினையே தூக்கிட்டு வாங்கம்மா. வாயில சொன்னா நூத்துக்குத் தொண்ணூறு பேரு தப்பாத்தான் சொல்றாங்க. அப்புறம் என்னை வந்து திட்டுறாங்க."

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மதியம் பீன்ஸும் பன்றியிறைச்சியும் போட்டு யோட்டா சூப் வைத்தேன். அவன் இடது கையால் கரண்டியைப் பிடிக்கப் பழகிவிட்டான், ஆனால் பன்றியிறைச்சித் துண்டை வெட்ட முடியாது. நான் வெட்டிக் கொடுத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "ஒப்பிச்சினால ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. எடம் காலியானா சொல்றேன்னிருக்காங்க. ஈஸ்டருக்கு அப்புறம் இருக்கும். நான் சரின்னுட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்க்கும் சமூகப் பணியாளரிடம், நான் வேலையில் இருந்தபோது பேசி முடித்திருக்கிறான்.

"இங்க உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. நீ கறியை வெட்டிக் கொடுக்கறே. அதான்."

இதுக்கு என்ன அர்த்தம்? வெட்டிக் கொடுத்தது தப்பா? கொடுக்காம விட்டிருந்தா அது தப்பில்லையா? அங்க மட்டும் யாரு வெட்டிக் கொடுப்பா, தேவதைங்களா? எனக்கு ஒண்ணும் புரியல. ஒண்ணுமே.

மார்ச் 1, ஞாயிறு

மெஷினை ஒரு போர்வையில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போனேன். என் லைன்தான், ஓட்டியவன் எனக்குத் தெரிந்தவன். "குழந்தை பிறந்திருக்கா நிவெஸ்? யார் மாதிரி இருக்கு?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான் மய்தா கடை திறக்கிறாள். மெஷினைக் கவிழ்த்தாள், டார்ச் அடித்தாள், உச்சுக்கொட்டினாள். இந்த வகைக் கேப்ஸ்யூலை முதலில் செய்தவர்கள் நிறுத்திவிட்டார்களாம். இரண்டு மூன்று சின்னக் கம்பெனிகள் இன்னும் செய்கின்றன. ஒவ்வொன்றும் மயிரிழை வித்தியாசம். நாலு ரகத்தைப் போட்டுப் பார்த்தாள். மூன்று ஒழுகின. நாலாவது, சாம்பல் நிறத்தது, 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. காபி இறங்கியது! மேலே பொன்னிறமாக நுரை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அசட்டுத்தனம்.

வீட்டில் நெரேயோவுக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான்.

"கோணிச் சாக்கை வேகவச்ச மாதிரி இருக்கு."

ஆனால் கோப்பையை முடித்தான்.

மார்ச் 4

சந்தோஷம் நாலு நாள்கூட நிலைக்கவில்லை.

கேப்ஸ்யூல் பொருந்திவிட்டது. அவனுக்குத்தான் பொருந்தவில்லை. நெம்புகோலைத் தூக்க ஒரு கை. அப்போது மெஷின் கூடவே எழும்பாமல் அமுக்கிப் பிடிக்க இன்னொரு கை. இதை நான் யோசிக்கவே இல்லை! இரண்டு கையாலும் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கை போதும் என்று நானே எப்படி முடிவு கட்டினேன்?

நான் வந்தபோது மெஷின் தரையில் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியில் விரிசல்.

"விழுந்துருச்சா?"

"தள்ளிவிட்டேன்."

அப்புறம் நான் கத்தினேன். நாலு மணிக்கு எந்திரிக்கிறது நானு, கடை கடையா அலையறது நானு, விரலைக் கிழிச்சிக்கிட்டது நானு, உனக்கென்ன ராஜா, தள்ளிவிடு, எல்லாத்தையும் தள்ளிவிடு, போ, ஒப்பிச்சினாவுக்கே போ...

சொல்லியே விட்டேன். அவன் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அறையவில்லை. மெதுவாகச் சாத்தினான். அறைந்திருந்தால் தேவலை.

மார்ச் 5

பேச்சில்லை. அவனும் இல்லை, நானும் இல்லை.

மார்ச் 7

டிப்போ மெக்கானிக்கிடம் இரும்புக் கிளாம்ப் ஒன்று கேட்டு வாங்கிவந்தேன். மெஷினின் அடித்தட்டை மேசையோடு சேர்த்து முறுக்கினேன். முதல் தடவை கோணலாக முறுக்கி மேசை விளிம்பு பிளந்தது. இரண்டாவது தடவை நின்றது. தொட்டி விரிசலுக்குப் பசை போட்டு ஒட்டினேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் சாம்பல் கேப்ஸ்யூல் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

குப்பைக்கூடையில் காலிக் கேப்ஸ்யூல்கள் மூன்று.

கேட்கவில்லை. கேட்டால் தொலைந்தது.

மார்ச் 13

டிப்போவிலிருந்து வீட்டுக்கு அழைத்தேன். லைன் பிஸி. மறுபடியும் அழைத்தேன், பிஸி. விழுந்துவிட்டானோ, போன் கீழே கிடக்கிறதோ என்று அடித்துப் பிடித்து ஓடிவந்தால், ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான். மய்தாவோடு! டப்பாமேல் கடை எண் இருந்ததாம். புகார் சொல்ல அழைத்தானாம்.

"இல்லம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. தூளை இவ்வளவு நைஸா அரைச்சா தண்ணி எப்படிப் போகும்? திணறித் திணறி வருது. அதான் கசப்பு. வறுத்தவனைச் சொல்லிக் குத்தமில்ல, அரைச்சவனை உதைக்கணும்."

அந்தப் பக்கம் அவள் சத்தமாகவே பேசினாள், எனக்கே கேட்டது. "ஐயா, இவ்வளவு நாளா நான் விக்கிறேன், ஒருத்தரும் குறை சொன்னதில்ல!"

"குடிச்சவங்க உங்ககிட்ட பொய் சொல்லியிருக்காங்க."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "வேற ரகம் கொஞ்சம் தரேன்னிருக்கா. வரும்போது வாங்கிட்டு வா."

வாங்கிட்டு வா. ஒரு வாரமா பேசாம இருந்துட்டு, முதல் வார்த்தை இது.

மார்ச் 22, ஞாயிறு

வீடு கிடங்காகிவிட்டது. மய்தா கொடுத்தனுப்பும் மாதிரிக் கேப்ஸ்யூல்கள் ஜாடியில், கிண்ணத்தில், என் தையல் டப்பாவில். அவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். மெஷினுக்குள் பின்னாலிருக்கும் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் முன்பு ஒழுகியவைகூட ஒழுகாமல் உட்காருகின்றனவாம். உடனே அவளுக்குப் போன். எந்த ரகம் எந்த வாய்க்குப் போகும், எது போவது போல் போய் ஊசியை வளைக்கும், எல்லாம் அவர்கள் இருவருக்கும் உலக விஷயம். ஒரு மணி நேரம் சிரிப்பும் சண்டையும்.

எனக்கு? "உப்பு கம்மி." "ஜன்னலைச் சாத்து." "இன்னைக்கும் தப்பான டப்பாவைத்தான் தூக்கிட்டு வந்திருக்க, நீ என்னிக்குத்தான் பார்த்து வாங்குவ?"

அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான். இதில் பொறாமை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பொறாமைதான்.

ஒப்பிச்சினா பற்றி அவன் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. போ என்று சொன்ன வாய் இது. போகாதே என்று எந்த மூஞ்சியோடு சொல்வது?

ஏப்ரல் 5, ஈஸ்டர்

ஒண்டினா ஈஸ்டருக்குச் செய்யும் பினாத்சா இனிப்பு ரொட்டி கொண்டுவந்தாள். நான் பன்றித்தொடை ஹாமும் துருவிய குதிரை முள்ளங்கியும் வைத்தேன். ஹாமை அடுப்பங்கரையிலேயே மெல்லிசாகச் சீவி, வெட்ட வேண்டிய தேவையே இல்லாமல் எல்லோர் தட்டிலும் ஒரே மாதிரி வைத்தேன். ஒண்டினா மட்டும் "கத்தி எங்கடி?" என்று கேட்டாள். மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது அவள்தான் கேட்டாள், "அந்த இல்லம் என்னாச்சு நெரேயோ?"

"வியாழக்கிழமை போன் வந்துச்சு. எடம் இருக்காம். செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லணும்."

வியாழக்கிழமை! வெள்ளி போச்சு, சனி போச்சு, என்னிடம் மூச்சு விடவில்லை. முள்ளங்கிக் காரம் கண்ணில் ஏறியது என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனேன். கடல் எண்ணெய் தேய்த்தது போல் அசையாமல் கிடந்தது. இருடா என்று சொல்ல நினைத்தேன். உள்ளே போய், "யாருக்குக் காபி?" என்றுதான் கேட்க முடிந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலை முறை எனக்கு இல்லை. நெரேயோ சட்டை மாற்றிக்கொண்டு நின்றான். பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன, ஒன்று தப்பான துளையில்.

"மய்தா கடைக்குக் கூட்டிட்டுப் போ."

ஊரை விட்டுப் போவதற்கு முன் டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டேன். பஸ்ஸில் அவன் நின்றேதான் வருவேன் என்றான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் பின்னால் ஒட்டி நின்றேன்.

அவர்கள் முதன்முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். மய்தா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "போன்ல இன்னும் உயரமா இருந்தீங்க."

"நீங்க போன்ல இன்னும் நல்லவங்களா இருந்தீங்க."

அவள் பின் அறையில் சரக்கு இறக்கப் போனாள். அப்போது ஒரு ஆள் வந்தான், கையில் நசுங்கிய கேப்ஸ்யூல், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தன் மனைவி பிரசவமாகி வீட்டில் இருக்கிறாளாம், மெஷின் பரிசாக வந்ததாம், இது மூன்றாவது ரகமாம், கடைக்காரர்கள் எல்லோருமே ஏமாற்றுக்காரர்களாம். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நெரேயோ மேசையில் இடது முழங்கையை ஊன்றினான். பாரில் அப்படித்தான் நிற்பான். மறந்தே போயிருந்தேன்.

"உக்காரு தம்பி. மூச்சு விடு. என்ன பிள்ளை?"

"பொண்ணு."

"நல்லாயிருக்கட்டும். மெஷின் வாய் முன்னாடி திறக்குமா, தலையில திறக்குமா?"

இன்னும் இரண்டு கேள்விதான் கேட்டான். பிறகு என்னிடம், "நிவி, அந்த மூணாவது தட்டு, நீல டப்பா." எடுத்துக் கொடுத்தேன். ஆள் போனான். மய்தா அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவென்று தெரியாது.

"எனக்கு முட்டி போச்சு. போனை எடுக்க ஓடினா வாசல்ல ஆள் நிக்குது, வாசலைப் பார்த்தா போன் அடிக்குது" என்றாள், அவனிடம் அல்ல, பெட்டியிடம் சொல்வது போல. "காலையில ஒரு ஆள் இருந்தா ஆகும். வாய் கொஞ்சம் நீளமா இருந்தாலும் பரவாயில்ல. நீங்க வரீங்களா?"

"உங்க காபியை நான் புகழ மாட்டேன்" என்றான் நெரேயோ.

"புகழ வேணாம். பொருந்துதான்னு மட்டும் சொன்னா போதும்."

வீடு திரும்பியதும் அவன் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். கதவு திறந்தே இருந்தது. "அந்த எடத்தை வேற யாருக்காவது கொடுத்துருங்க" என்று சொன்னது கேட்டது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு ஊருக்கே ஆகிற அளவு உரித்துவிட்டேன்.

மே 6

காலையில் கடைக்குப் போக நெரேயோ என் பஸ்ஸில் ஏறினான். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' பலகையை விரலால் தட்டிக் காட்டிவிட்டுப் பின்னால் போனான். பிரேக்கை நான் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் போடுகிறேனாம், ராத்திரி சொன்னான். ஆளாளுக்கு வாத்தியார்.

மே 24, ஞாயிறு

வீட்டு மெஷின் செத்துவிட்டது. ஒட்டிய தொட்டி கையோடு வந்தது. "ரொம்ப நல்லது" என்றான் அவன். கிளாம்பைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மேசையில் பிளந்த விளிம்பு மட்டும் இருக்கிறது. அவன் காலையில் கடையிலேயே குடித்துக்கொள்கிறான். நான் மோக்காவில் எனக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன். அரைப் பாத்திரம். அளவு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 17, புதன்

டிப்போவில் ஓய்வறைக்கு ஒரு பழைய மெஷின் வந்து சேர்ந்திருக்கிறது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்: "நிவெஸுக்குத் தெரியும்." நிவெஸுக்கு ஒன்றும் தெரியாது என்பது நிவெஸுக்குத்தான் தெரியும்.

கடைக்கு அழைத்தேன். அவன் எடுத்தான். நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன், அதற்குள், "வணக்கம் மேடம், சொல்லுங்க, என்ன மெஷின் வச்சிருக்கீங்க?" அந்தக் குரலில் என்னிடம் அவன் பேசியதே இல்லை. குரலை ஒடுக்கிக்கொண்டு, கறுப்பு மெஷின் என்றேன். அவன் கோபப்படவில்லை. நெம்புகோல் எங்கே என்றான். தப்பாகச் சொன்னேன், திருத்தினேன், மறுபடி தப்பு. "பதறாதீங்க மேடம். மெதுவா பாருங்க. நான் எங்கேயும் போகல, இங்கதான் இருக்கேன்." பின்னால் மய்தா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன ரகத்தைக் கையில் எழுதிக்கொண்டேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் அவனாகவே ஆரம்பித்தான். "இன்னைக்கு ஒரு பொம்பளை போன் பண்ணா. மெஷினுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியல."

"திட்டினியா?"

"ஏன் திட்டணும்? நாள் முழுக்க உழைச்சிட்டு நிக்கிற குரல். யாருக்காக அலையுதோ." வறுத்த மீனைத் தன் தட்டிலிருந்து என் பக்கம் தள்ளினான். "முள்ளு இருக்கு. எடுத்துக் கொடு."

எடுத்துக் கொடுத்தேன். அவன் சாப்பிட்டான்.